டேட்டாபேஸ் வாசிப்பு மந்தமா? பிளாக் அளவைத் தொடும் முன் அறிகுறியைப் பாருங்கள்

குவெரி இழுக்கிறது என்றதும் அலுவலகத்தில் யாராவது ஒருவர் "பிளாக் சைஸை ஏத்திப் பாருங்களேன்" என்று சொல்லிவிடுவார். எந்த பிளாக் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஒரே ஒரு வரியை டிஸ்கிலிருந்து எடுத்து வர ஐந்தாறு அடுக்குகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி அளவு உண்டு. கோளாறு எந்த அடுக்கில் என்று தெரியாமல் டேட்டாபேஸின் பக்க அளவில் கைவைப்பது, கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வதுதான். உண்மையில் அந்த மாற்றம் தேவைப்படும் இடங்கள் மிகக் குறைவு. அதனால்தான் அளவிலிருந்து தொடங்காமல் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டையும் வைத்துத்தான்.

எந்த அடுக்கில் என்ன அளவு

டேட்டாபேஸ் பக்கம் (டேட்டாபேஸ் ஒரு தடவையில் படிக்கும், எழுதும் துண்டு): போஸ்ட்கிரெஸில் 8 கேபி, மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி எஞ்சினில் 16 கேபி, எஸ்கியூஎல் சர்வரில் 8 கேபி, ஆரக்கிளில் வழக்கமாக 8 கேபி.

கோப்பு முறைமை: இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் வழக்கமாக 4 கேபி. இசட்எஃப்எஸ்ஸில் ரெக்கார்டு (அது கோப்பைப் பிரித்து வைக்கும் துண்டு) அளவு வழக்கமாக 128 கேபி.

கர்னலின் ரீட்-அஹெட் (அடுத்துக் கேட்பார்கள் என்று முன்கூட்டியே படித்து வைக்கும் அளவு): வழக்கமாக 128 கேபி.

ரெய்டு சங்க் (பல டிஸ்குகளை ஒன்றாக்கும் ரெய்டில், அடுத்த டிஸ்குக்குத் தாவும் முன் ஒரு டிஸ்கில் வைக்கும் துண்டு): லினக்ஸின் எம்டி ரெய்டில் இப்போதைய இயல்பு 512 கேபி.

டிஸ்க் செக்டர்: 512 பைட் அல்லது 4096 பைட்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே தள்ளிவிடலாம். இஎக்ஸ்டி4 பிளாக் 4 கேபி, போஸ்ட்கிரெஸ் பக்கம் 8 கேபி, ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் டிஸ்க் இரண்டு முறை படிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோப்பு முறைமையின் பிளாக் என்பது இடம் ஒதுக்கும் அலகு. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பிளாக்குகளைக் கர்னல் ஒரே கோரிக்கையாகத்தான் டிஸ்குக்கு அனுப்பும். இசட்எஃப்எஸ் கதை வேறு, அதற்குப் பிறகு வருவோம்.

அளந்து பார்க்க வேண்டிய ஒரே எண்

டேட்டாபேஸ் எவ்வளவு கேட்கிறது என்பது நமக்குத் தெரியும். டிஸ்குக்கு உண்மையில் எவ்வளவு பெரிய கோரிக்கை போகிறது என்பதுதான் தெரிய வேண்டும். டிஸ்கின் செயல்பாட்டைக் காட்டும் ஐயோஸ்டாட் கட்டளையை விரிவான வெளியீட்டுடன் ஓட்டி, குவெரி ஓடும் நேரத்தில் ஒரு விநாடிக்கு ஒரு வரியாகப் பாருங்கள். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது சர்வர் எழுந்ததிலிருந்து வந்த சராசரி.

புதிய பதிப்புகளில் சராசரி வாசிப்பு அளவுக்குத் தனி நெடுவரிசையே உண்டு, கேபி கணக்கில். பழைய பதிப்பில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து, அதுவும் 512 பைட் செக்டர் கணக்கில் வரும். அங்கே 16 என்று தெரிந்தால் அது 8 கேபி. குழப்பமாக இருந்தால் நீங்களே வகுத்துக்கொள்ளலாம்: விநாடிக்கு வாசித்த கேபி, வகுத்தல் விநாடிக்கு நடந்த வாசிப்புகள். உதாரணமாக 2,900 வாசிப்புகள், 23,200 கேபி என்று வந்தால் சராசரி 8 கேபி. போஸ்ட்கிரெஸ் சர்வரில் இது சுத்தமான ஒற்றைப் பக்க வாசிப்பு. அதே 2,900 வாசிப்புகளுக்கு 3,00,000 கேபி என்று வந்தால் ஒவ்வொரு வாசிப்பும் 100 கேபிக்கு மேல். முழு டேபிளை வாசிக்கும் வேலையென்றால் நல்லது, கீ கொடுத்து ஒற்றை வரி தேடும் வேலையென்றால் ஏதோ ஒன்று வீணாக அள்ளிக்கொண்டு வருகிறது.

சராசரி சில நேரம் ஏமாற்றும். பாதி வாசிப்பு 8, பாதி 128 என்றாலும் நடுவில் ஒரு எண்தான் தெரியும். கர்னலுக்குள் நடப்பதைக் காட்டும் பிசிசி கருவிகளில் பைட்சைஸ் என்று ஒன்று இருக்கிறது, எந்தப் புராசஸ் எந்த அளவில் எத்தனை கோரிக்கை அனுப்பியது என்று பட்டை வரைபடமாகக் காட்டும். நிறுவ முடிந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

கூடவே வாசிப்புக்கான சராசரிக் காத்திருப்பு நேரம், வரிசையின் நீளம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் எத்தனை சதவீதம் பயன்பாட்டில் இருக்கிறது என்று கடைசியில் வரும் எண்ணை எஸ்எஸ்டி, என்விஎம்இ விஷயத்தில் நம்ப வேண்டாம். ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கையாளும் டிஸ்குக்கு 100 சதவீதம் என்றால் நிரம்பிவிட்டது என்று பொருள் அல்ல.

அறிகுறி 1: முதல் தடவை மந்தம், இரண்டாவது தடவை பறக்கிறது

இது கேஷ். பிளாக் அளவோடு சம்பந்தமில்லை. ஆனால் எல்லாச் சோதனைகளையும் கெடுப்பது இதுதான், அதனால் முதலில் வைத்தேன்.

போஸ்ட்கிரெஸ்ஸில், குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸுடன் பஃபர்ஸ் விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் ‘ஹிட்’ இத்தனை, ‘ரீட்’ இத்தனை என்று வரும். ‘ரீட்’ என்றால் டிஸ்க் என்று அர்த்தமில்லை. போஸ்ட்கிரெஸ்ஸின் சொந்த நினைவகத்தில் இல்லை, கர்னலிடம் கேட்டு வாங்கியது என்பது மட்டுமே. கர்னல் தன் பேஜ் கேஷிலிருந்தே கொடுத்திருக்கலாம். டிராக்-ஐஓ-டைமிங் அமைப்பை இயக்கிவிட்டு வாசிப்பு நேரத்தைப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பக்கத்துக்கு 0.01 மில்லிவிநாடி என்று வந்தால் அது கேஷ்தான், எந்த டிஸ்கும் அந்த வேகத்தில் தனித்தனிப் பக்கங்களைத் தராது.

குளிர்ந்த நிலையில் சோதிக்க வேண்டுமென்றால் டேட்டாபேஸை நிறுத்தி, கர்னலின் கேஷைக் காலி செய்து, மீண்டும் தொடங்க வேண்டும். சோதனை சர்வரில் மட்டும் இதைச் செய்யுங்கள். இசட்எஃப்எஸ் வைத்திருந்தால் அதன் கேஷ் தனி. பூலை (இசட்எஃப்எஸ்ஸின் டிஸ்க் தொகுப்பை) எக்ஸ்போர்ட் செய்து திரும்ப இம்போர்ட் செய்வதுதான் நம்பகமான வழி.

அறிகுறி 2: ஒற்றை வரித் தேடல்தான், ஆனால் டிஸ்கில் எம்பி எம்பியாக ஓடுகிறது

அப்ளிகேஷன் விநாடிக்குச் சில நூறு வரிகளைத்தான் கேட்கிறது. டிஸ்கோ அதன் முழு வேகத்தில் ஓடுகிறது. சராசரி வாசிப்பு அளவு பக்க அளவைப் போலப் பல மடங்கு. இங்கே சந்தேகப்பட வேண்டியவை இரண்டு.

முதல் சந்தேகம் இசட்எஃப்எஸ். அது ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரு செக்சம் (டேட்டா கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) வைத்திருக்கிறது. அதைச் சரிபார்க்க ரெக்கார்டை முழுதாகப் படித்தே ஆக வேண்டும். கால் கிலோ சர்க்கரை கேட்டவருக்காக மூட்டை முழுவதையும் தராசில் ஏற்றுவது மாதிரி, 8 கேபி பக்கத்துக்கு 128 கேபி படிக்கப்படும். 16 மடங்கு. இன்னோடிபிக்கு 8 மடங்கு. சுருக்கம் இயக்கப்பட்டிருந்தால் ஐயோஸ்டாட்டில் 128 தெரியாது. 40, 60 என்று ஒழுங்கில்லாத எண்கள் வரும். அதைப் பார்த்து ரெக்கார்டு அளவு காரணமில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இதிலேயே மோசமான ஒரு கூட்டணி உண்டு. "டேட்டாபேஸுக்குச் சொந்த கேஷ் இருக்கிறதே, இரட்டைக் கேஷ் எதற்கு" என்று சிலர் இசட்எஃப்எஸ்ஸின் பிரைமரிகேஷ் பண்பை மெட்டாடேட்டா மட்டும் என்று மாற்றிவிடுவார்கள். ரெக்கார்டு 128 கேபியாக இருக்கும்போது இப்படிச் செய்தால், 128 படித்து, 8 எடுத்துக்கொண்டு, மீதி 120-ஐ அங்கேயே எறிந்துவிட்டு, அடுத்த பக்கத்துக்கு மறுபடி அதே 128-ஐப் படிக்கும்.

சரிசெய்வது இப்படி. டேட்டா இருக்கும் டேட்டாசெட்டின் ரெக்கார்டுசைஸ் பண்பை மாற்றுங்கள். இன்னோடிபிக்கு 16 கேபி, இதில் விவாதமே இல்லை. போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 8 என்று பலர் சொல்வார்கள், நான் 16 வைக்கத்தான் சொல்வேன். 4 கேபி செக்டர் கணக்கில் ஓடும் பூலில் 8 கேபி ரெக்கார்டைச் சுருக்கினால் ஒன்று 4 ஆகும், இல்லை 8 ஆகவே நிற்கும், நடுவில் எதுவும் கிடையாது. சுருக்கத்தின் பலன் பெரிதும் போய்விடும்.

இந்தப் பண்பு புதிதாக எழுதப்படும் கோப்புகளுக்கு மட்டும்தான் பொருந்தும். மாற்றிவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பழைய கோப்புகள் பழைய அளவிலேயே இருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் வேக்யூம் ஃபுல் கொடுத்தால் டேபிள் புதுக் கோப்பாக எழுதப்படும், ரீஇண்டெக்ஸ் கொடுத்தால் இண்டெக்ஸ் புதுக் கோப்பாகும். வேக்யூம் ஃபுல் முடியும்வரை அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது, நேரம் பார்த்துச் செய்யுங்கள். அதற்குப் பதிலாக டேட்டாபேஸை நிறுத்திக் கோப்புகளை நகலெடுக்கிறீர்கள் என்றால் கவனம்: புதிய ஓபன்இசட்எஃப்எஸ் பதிப்புகளில் பிளாக் குளோனிங் வந்துவிட்டது. சாதாரண சிபி கட்டளை உள்ளடக்கத்தை எழுதாமல் பழைய பிளாக்குகளையே சுட்டிக்காட்டிவிட்டுப் போகலாம், அளவும் பழையதாகவே நிற்கும். ரீஃபிளிங்க் வேண்டாம் என்று கட்டளையிலேயே சொல்லிவிடுங்கள். இசட்எஃப்எஸ் சென்ட், ரிசீவ் வழியாக அனுப்பினாலும் பழைய அளவுதான் கூட வரும்.

இரவில் ரிப்போர்ட் மட்டும் ஓடும் சர்வராக இருந்தால் இது எதையும் செய்யாதீர்கள். வரிசையாக வாசிக்கும் வேலைக்கு 128 கேபியே நன்றாக உதவும்.

இரண்டாவது சந்தேகம் ரீட்-அஹெட். பிளாக்டெவ் கட்டளையில் கெட்ஆர்ஏ விருப்பம் கொடுத்தால் வரும் எண் 512 பைட் செக்டர் கணக்கில் இருக்கும். 256 என்றால் 128 கேபி. 8192 என்று தெரிந்தால் 4 எம்பி. யார் வைத்தது என்று தேடினால் பெரும்பாலும் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். ரெட் ஹேட் வகை சர்வர்களில் டியூன்ட் சேவையின் த்ரூபுட்-பெர்ஃபார்மன்ஸ் புரொஃபைல் ரீட்-அஹெட்டை 4096 கேபி ஆக்கிவிடும். மெய்நிகர் இயந்திரங்களுக்கான புரொஃபைலும் அதைத்தான் பின்பற்றுகிறது.

கர்னல் முட்டாள் அல்ல. சிதறிய வாசிப்பு என்று தெரிந்தால் கேட்டதை மட்டும்தான் கொண்டுவரும். ஆனால் கேட்ட பக்கத்துக்கு முந்தைய பக்கங்கள் ஏற்கெனவே கேஷில் இருந்தால், வரிசையாகப் படிக்கிறார்கள் போல என்று எண்ணி முன்கூட்டியே அள்ளத் தொடங்கும். பாதி சூடான பெரிய டேபிளில் இது அடிக்கடி நடக்கும். எம்மேப் (கோப்பையே நினைவகம் போலக் காட்டும் முறை) வழியாகப் படிக்கும் டேட்டாபேஸ்களில் நிலைமை இன்னும் மோசம்: ஒரு பக்கம் இல்லையென்றால் அதைச் சுற்றியுள்ளதையும் சேர்த்து வாங்கிவரும். மாங்கோடிபியின் பழைய எம்மேப்வி1 எஞ்சினுக்கு இது தீராத தலைவலியாக இருந்தது. 2019-இல் 4.2 பதிப்போடு அந்த எஞ்சினே போய்விட்டது. எல்எம்டிபி பயன்படுத்துபவர்களுக்கு ரீட்-அஹெட்டை அணைக்கத் தனிக் கொடி இருக்கிறது.

குறைக்கும்போது சரியான சாதனத்தில் குறையுங்கள். எல்விஎம் அல்லது எம்டி ரெய்டு இருந்தால் கோப்பு முறைமை எதன் மேல் ஏற்றப்பட்டிருக்கிறதோ அந்த மேல் சாதனத்தின் மதிப்புதான் செல்லும். அடியில் இருக்கும் டிஸ்கில் மாற்றினால் பயனில்லை. ரீபூட் ஆனதும் பழையபடி ஆகாமலிருக்க யுடெவ் விதியாகவோ சொந்த டியூன்ட் புரொஃபைலாகவோ எழுதிவையுங்கள். எடுத்ததும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு போகாதீர்கள். 128 கேபியில் நிறுத்திப் பாருங்கள், அடுத்த அறிகுறி ஏன் என்று சொல்லும்.

மைஎஸ்கியூஎல்காரர்களுக்கு: இன்னோடிபி, கர்னலின் கேஷைத் தவிர்க்கும் ஓ-டைரக்ட் முறையில் ஓடினால் கர்னலின் ரீட்-அஹெட் அதைத் தொடவே தொடாது. 8.4 பதிப்பில் லினக்ஸில் அதுவே இயல்பு. அங்கே இன்னோடிபியின் சொந்த ரீட்-அஹெட்தான் வேலை செய்யும். 64 பக்கங்கள் கொண்ட ஒரு எக்ஸ்டென்டில் 56 பக்கங்கள் வரிசையாகப் படிக்கப்பட்டால் அடுத்த எக்ஸ்டென்டை முன்கூட்டியே கேட்கும். இயல்பு மதிப்பே போதும், அதில் கைவைக்க வேண்டிய தேவை எனக்குத் தெரிந்து அபூர்வம்.

அறிகுறி 3: பெரிய ரிப்போர்ட் நகரவே மாட்டேன் என்கிறது, டிஸ்க் வேகம் 20-25 எம்பியைத் தாண்டவில்லை

இது தலைகீழ் நிலைமை. வேலை பெரியது, ஆனால் டிஸ்குக்குப் போகும் கோரிக்கைகள் பொடிப்பொடியாக 8 கேபி, 8 கேபியாக இருக்கின்றன. கிளவுட் டிஸ்கில் இதைக் கண்டுபிடிப்பது எளிது, ஏனென்றால் சுவர் எங்கே இருக்கிறது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அமேசானின் இபிஎஸ் ஜிபி3 டிஸ்கை எடுத்துக்கொள்வோம். கூடுதல் காசு கட்டாமல் கிடைப்பது விநாடிக்கு 3,000 ஐஓபிஎஸ் (வாசிப்பு, எழுத்துக் கோரிக்கைகளின் எண்ணிக்கை), 125 எம்பி. இந்த இரண்டில் எது முதலில் தீர்கிறது என்பதைத் தீர்மானிப்பது கோரிக்கையின் அளவு. 3,000 வாசிப்பும் 8 கேபி என்றால் மொத்தம் 24,000 கேபி, அதாவது சுமார் 23 எம்பி. 125 எம்பியில் 100 எம்பிக்கு மேல் தொடப்படாமலே கிடக்கும். கோரிக்கை சராசரியாக 42 கேபியைத் தாண்டும்போதுதான் இரண்டு வரம்பும் ஒன்றாக முட்டும். 100 ஜிபி டேபிளை 23 எம்பி வேகத்தில் படித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். 125-இல் 14 நிமிடம். டிஸ்கும் அதுதான், வாடகையும் அதுதான்.

அடுத்தடுத்த இடத்தில் இருக்கும் சிறு வாசிப்புகளை இபிஎஸ் சேர்த்து 256 கேபிவரை ஒரே கணக்காக எண்ணப் பார்க்கும். ஆகவே இந்தச் சுவரில் முட்டுகிறீர்கள் என்றால், பெரும்பாலும் வாசிப்பு வரிசையாக நடக்கவில்லை என்று பொருள். பிளானை, அதாவது குவெரியை எப்படி ஓட்டுவது என்று டேட்டாபேஸின் பிளானர் எடுத்த முடிவைப் பாருங்கள். முழு டேபிள் ஸ்கேன் என்று நினைத்தது இண்டெக்ஸ் ஸ்கேனாக இருக்கும். டேபிளின் கால்வாசி வரிகளை இண்டெக்ஸ் வழியாக ஒன்றொன்றாகப் பொறுக்குவதற்குப் பதில் டேபிளை நேராக ஒரே ஓட்டமாகப் படித்திருந்தால் முடிந்திருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில், சிதறிய ஒரு பக்க வாசிப்புக்குப் பிளானர் போடும் செலவான ரேண்டம்-பேஜ்-காஸ்ட்டின் இயல்பு 4. எஸ்எஸ்டி வந்ததும் எல்லோரும் அதை 1.1 ஆக்கச் சொல்கிறார்கள். நினைவகத்தில் அடங்கும் டேட்டாவுக்கு அது சரி. ஐஓபிஎஸ்ஸை எண்ணி எண்ணிக் கொடுக்கும் கிளவுட் டிஸ்கில், நினைவகத்தை விடப் பல மடங்கு பெரிய டேபிளுக்கு, 1.1 என்பது பிளானரிடம் சொல்லும் பொய்.

வாசிப்பு உண்மையிலேயே வரிசையாக இருந்தும் கோரிக்கை சிறிதாக இருந்தால், யாரோ ரீட்-அஹெட்டைப் பூஜ்ஜியத்துக்கோ 8 கேபிக்கோ இறக்கிவிட்டிருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் 16 வரை முழு ஸ்கேனிலும் ஒரு நேரத்தில் ஒரு 8 கேபி பக்கம்தான் கேட்கும். அவற்றைச் சேர்த்துப் பெரிய கோரிக்கையாக மாற்றும் வேலை முழுக்கக் கர்னலின் ரீட்-அஹெட்டுடையது. 2024-இல் வந்த 17-ஆம் பதிப்பில் ஐஓ-கம்பைன்-லிமிட் என்ற அமைப்பு வந்தது. இயல்பாக 128 கேபி, அதாவது 16 பக்கங்களை ஒரே அழைப்பில் கேட்கும். 18-இல் ஒத்திசைவற்ற வாசிப்பும் வந்துவிட்டது. பழைய பதிப்பில் பிளாக் அளவை 32 ஆக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் அந்த உழைப்பைப் பதிப்பு மேம்படுத்துவதில் போடலாம். முழு ஸ்கேனுக்கு அதனால் கிடைக்கும் பலன் அதிகம், ஆபத்து குறைவு.

அறிகுறி 4: கோரிக்கை அளவு சரி, ஒவ்வொன்றும் வேகமாகத்தான் வருகிறது, ஆனால் எண்ணிக்கை தலை சுற்ற வைக்கிறது

பிளாக் அளவு என்ற பெயரில் வரும் புகார்களில் மிகுதியானவை உண்மையில் இந்த வகைதான். ஒரு வாடிக்கையாளரின் கடைசி 200 பரிவர்த்தனைகளைக் காட்டும் குவெரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி 100 பைட். மொத்தம் 20 கேபி டேட்டா, மூன்று பக்கங்களில் அடங்கிவிடும். ஆனால் பரிவர்த்தனைகள் வந்த வரிசையில் டேபிளில் சேர்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நடுவே மற்றவர்களின் ஆயிரக்கணக்கான வரிகள். ஆகவே 200 வரிக்கு 200 பக்கங்கள்.

7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்கில் ஒரு சிதறிய வாசிப்புக்குத் தலை நகர ஏறக்குறைய 8 மில்லிவிநாடி, தட்டு அரைச் சுற்றுச் சுற்ற 4.2 மில்லிவிநாடி. கூட்டினால் 12. இந்த 200 வாசிப்புக்கு 2.4 விநாடி. இப்போது பக்கத்தை 8-இலிருந்து 16 ஆக்கினால்? இன்னும் 200 வாசிப்புதான். 64 ஆக்கினாலும் 200-தான். 8 கேபியை டிஸ்கிலிருந்து இழுக்க ஆகும் நேரம் 0.05 மில்லிவிநாடி, 64 கேபிக்கு 0.4. அந்த 12-க்கு முன்னால் இரண்டுமே தூசு. பக்க அளவு மாறியும் ஒன்றும் மாறவில்லை என்று ஹார்டு டிஸ்க் காலத்தில் பலர் குழம்பியதன் காரணம் இந்தக் கணக்குதான்.

உறுதி செய்ய எக்ஸ்பிளைன் வெளியீட்டில் வந்த வரிகளையும் தொட்ட பக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 50,000 வரிக்கு 48,000 பக்கங்கள் என்றால் வரிக்கு ஒரு பக்கம், சிதறல் முழுமை. 50,000 வரிக்கு 700 பக்கங்கள் என்றால் ஒழுங்காக அடுக்கியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் பிஜி-ஸ்டாட்ஸில் கோரிலேஷன் என்று ஒரு எண் இருக்கும், நெடுவரிசையின் மதிப்பு வரிசையும் டிஸ்கில் வரிகள் கிடக்கும் வரிசையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அது சொல்லும். அது 1 அல்லது -1-க்கு அருகில் என்றால் நல்லது, 0-க்கு அருகில் என்றால் இதுதான் உங்கள் நோய்.

மருந்து, டேட்டாவை அடுக்கும் விதத்தில். இன்னோடிபியில் டேபிளே பிரைமரி கீயின் வரிசையில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் எண், நேரம் என்று கீ வைத்தால் அந்த 200 வரியும் ஒன்றாக வந்து உட்காரும். போஸ்ட்கிரெஸ்ஸில் கிளஸ்டர் கட்டளை அடுக்கித் தரும், ஆனால் ஒரு முறைதான். புதிதாக வரும் வரிகள் மீண்டும் கலையும். குவெரிக்குத் தேவையான கூடுதல் நெடுவரிசைகளை இண்டெக்ஸிலேயே இன்க்ளூட் மூலம் சேர்த்துவிட்டால் டேபிளுக்குப் போகவே வேண்டாம், வேக்யூம் ஒழுங்காக ஓடுகிறது என்றால். தற்போக்கான யூயூஐடியை (தனித்துவமான அடையாள எண்) கீயாக வைத்திருப்பவர்கள் நேர வரிசையில் வரும் 7-ஆம் வகைக்கு மாறலாம். 2024-இல் தரமாக்கப்பட்டது, போஸ்ட்கிரெஸ் 18-இல் அதற்கான ஃபங்ஷனும் உண்டு.

அறிகுறி 5: நினைவகம் நிறைய இருந்தும் ஹிட் விகிதம் ஏறவில்லை

பக்க அளவு உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கக்கூடிய இடம் இது. 8 ஜிபி பஃபர் பூலில் (டேட்டாபேஸின் சொந்தக் கேஷ்) 16 கேபி பக்கங்கள் 5,24,288 நிற்கும். நீங்கள் அடிக்கடி தேடும் வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பக்கத்தில் இருந்தால், 100 பைட் வரிக்காக 16 கேபி இடத்தைக் கொடுக்கிறீர்கள். அதே பூலில் 4 கேபி பக்கங்கள் என்றால் 20,97,152 நிற்கும். சூடான வரிகளின் எண்ணிக்கை இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சிறிய பக்கம் பெரிய மாற்றத்தைத் தரும், குறிப்பாக என்விஎம்இ டிஸ்கில். பக்கம் சிறிதானால் இண்டெக்ஸ் மரம் ஒரு நிலை உயரலாம், ஆனால் மேல் நிலைகள் எப்படியும் நினைவகத்தில்தான் இருக்கும்.

மாற்றினால் வரும் பின்விளைவையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்னோடிபியில் ஒரு வரி பக்கத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்க முடியும். இண்டெக்ஸ் கீயின் உச்சம் 16 கேபி பக்கத்தில் 3072 பைட், 8-இல் 1536, 4-இல் 768. நீளமான யூடிஎஃப்8 நெடுவரிசைகளில் இண்டெக்ஸ் வைத்திருந்தால் டேட்டாவைத் திரும்ப ஏற்றும்போதுதான் பிழை வந்து நிற்கும்.

அறிகுறி 6: புது சர்வருக்கு மாறியதிலிருந்து காத்திருப்பு நேரம் கூடிவிட்டது

பார்ட்டிஷன் தொடங்கும் செக்டர் எண்ணைப் பாருங்கள். 2048 என்றால் 1 எம்பி எல்லை, பிரச்சினை இல்லை. 63 என்றால் பழைய டிஸ்க் இமேஜைக் காலங்காலமாக அப்படியே நகலெடுத்து வந்திருக்கிறார்கள். 63 செக்டர் என்றால் 31.5 கேபி, எந்தப் பக்க அளவோடும் ஒட்டாது. 64 கேபி சங்க் உள்ள ரெய்டில் 16 கேபி பக்கங்களில் நாலில் ஒன்று இரண்டு டிஸ்குகளில் பிளந்து கிடக்கும். வாசிப்பைவிட எழுத்தில் இதன் அடி பலமாக இருக்கும்.

ரெய்டு சங்க் பக்க அளவைவிட நன்றாகப் பெரிதாக இருக்கட்டும், ஒரு பக்கம் ஒரு டிஸ்கோடு முடியும். சங்கும் பக்கமும் சமமாக இருந்தால் அழகு என்று நினைத்துச் சங்கைக் குறைக்க வேண்டாம். விண்டோஸில் எஸ்கியூஎல் சர்வர் என்றால் என்டிஎஃப்எஸ்ஸை 64 கேபி அலகில் ஃபார்மட் செய்வது வழக்கம், அதன் எக்ஸ்டென்டும் 64 கேபிதான். ஏற்கெனவே 4 கேபியில் ஓடிக்கொண்டிருந்தால் வாசிப்பு வேகத்துக்காக மட்டும் அதைக் கலைத்து மறுபடி போட நான் சொல்ல மாட்டேன்.

அறிகுறி 7: பழைய எஸ்கியூலைட் கோப்பு மட்டும் மந்தம்

2016-இல் வந்த 3.12.0 பதிப்புக்கு முன் இயல்புப் பக்கம் 1024 பைட். அப்போது உருவான கோப்பு இன்றும் அதே அளவில்தான் இருக்கும். பேஜ்-சைஸ் பிராக்மாவில் 4096 கொடுத்து வேக்யூம் ஓட்டுங்கள். வால் பயன்முறையில் (மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறை) இருந்தால் முதலில் அதிலிருந்து வெளியே வர வேண்டும், இல்லையென்றால் கட்டளை சத்தமில்லாமல் ஒன்றும் செய்யாமல் போய்விடும். இந்தக் கட்டுரையில் பக்க அளவைத் தயங்காமல் மாற்றச் சொல்லும் ஒரே இடம் இதுதான், நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, பக்க அளவையே மாற்றத்தான் வேண்டும் என்றால்

முதலில் ஃபியோ கருவியால் டிஸ்கை மட்டும் தனியாகச் சோதியுங்கள். சிதறிய வாசிப்பு, கேஷைத் தவிர்க்கும் டைரக்ட் முறை, அளவு 4, 8, 16, 32, 64 கேபி என்று மாற்றி மாற்றி. வரிசை ஆழம் (ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும் கோரிக்கைகள்) 1-இல் ஒரு முறை, 32-இல் ஒரு முறை. சோதனைக் கோப்பு நினைவகத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும். டிஸ்க் சாதனத்தின் பெயரை நேரடியாகக் கொடுக்காதீர்கள், வாசிப்புக்குப் பதில் எழுத்து என்று ஒரு சொல் மாறினால் டேட்டா போய்விடும். 4-இலிருந்து 16 வரை ஐஓபிஎஸ் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால், அந்த எல்லைக்குள் பக்கத்தைச் சிறிதாக்குவதால் டிஸ்கில் எந்த மிச்சமும் இல்லை. கேஷில் கிடைக்கும் பலன் மட்டும்தான். 8-க்கும் 16-க்கும் நடுவே ஐஓபிஎஸ் பாதியாக விழுந்தால் டிஸ்கின் பேண்ட்வித் நிரம்பிவிட்டது, சிறிய பக்கத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

போஸ்ட்கிரெஸ்ஸில் பக்க அளவு கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடும், 1 முதல் 32 கேபி வரை. மாற்றினால் டம்ப் எடுத்து முழுதாகத் திரும்ப ஏற்ற வேண்டும். பிஜி-அப்கிரேட் இரண்டு அளவுகளுக்கு நடுவே வேலை செய்யாது, பைட் அளவில் நகலெடுக்கும் ரெப்ளிகாவும் ஒத்துவராது. அடுத்த பத்து வருடமும் அந்த பைனரியை நீங்களே கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இன்னோடிபியில் 4 முதல் 64 கேபி வரை வைக்கலாம், ஆனால் இன்ஸ்டன்ஸை முதன்முதலாக உருவாக்கும்போது மட்டும், மொத்த இன்ஸ்டன்ஸுக்கும் ஒரே அளவு. எஸ்கியூஎல் சர்வரில் 8-ஐ மாற்றவே முடியாது. இந்த நான்கில் ஆரக்கிளில் மட்டும்தான் டேபிள்ஸ்பேஸுக்கு ஒரு அளவு வைத்துக்கொள்ள முடியும், அதற்கும் ஒவ்வொரு அளவுக்கும் தனிக் கேஷ் ஒதுக்க வேண்டும்.

முயற்சி செய்வதாக இருந்தால் ஒரு ரெப்ளிகாவை லாஜிக்கல் முறையில் (கோப்புகளை அல்ல, வரிகளின் மாற்றங்களை அனுப்பி) புது அளவில் எழுப்புங்கள். உண்மையான வாசிப்புச் சுமையில் ஒரு பகுதியை அதற்குத் திருப்பி, சராசரி வாசிப்பு அளவு, காத்திருப்பு நேரம், ஹிட் விகிதம் மூன்றையும் பழைய சர்வரோடு ஒரே நேரத்தில் ஒப்பிடுங்கள். புது ரெப்ளிகாவில் டேபிள்கள் அப்போதுதான் எழுதப்பட்டிருக்கும், காலி இடமோ கலைந்த வரிகளோ இருக்காது. அதனாலேயே வேகமாகத் தெரியும். அதைக் கழிக்க, பழைய அளவிலேயே இன்னொரு புது ரெப்ளிகாவையும் எழுப்பி அதோடு ஒப்பிட வேண்டும்.